ஊசிப்போகாத கட்டுச்சோறு

சென்னையிலிருந்து இரவு ரயிலில் டெல்லிக்குக் கிளம்பும் குடும்பம் போர்வையை மறக்கும், சார்ஜரை மறக்கும். சாப்பாட்டுக் கூடையை மறக்காது. அந்தக் கூடையில் எதை எப்போது திறக்க வேண்டும் என்பதற்கு எழுதாத அட்டவணை ஒன்று உண்டு. தேங்காய்ச் சட்னி கொண்டுவந்திருந்தால் வண்டி நகர்ந்ததுமே காலி செய்துவிட வேண்டும். சாம்பார் சாதம் அன்றிரவே முடிந்தாக வேண்டும். மறுநாள் நாக்பூரில் வண்டி நிற்கிறது, வெளியே வெயில் கொளுத்துகிறது. அப்போதும் தைரியமாகத் திறக்கக்கூடிய பொட்டலம் புளியோதரைதான்.

யோசித்துப் பார்த்தால் இது கொஞ்சம் விசித்திரம். சாம்பார் சாதம், புளியோதரை இரண்டுக்கும் ஒரே பானைச் சோறு. இரண்டிலும் உப்பு இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, பெருங்காயம் இருக்கிறது. புளி கூட இரண்டிலும் உண்டு. அப்படியிருக்க ஒன்று ஆறேழு மணி நேரத்தில் நூல் விடுகிறது, இன்னொன்று மறுநாள்தான் ருசி கூடியிருக்கிறது. ஏன்?

வீட்டில் கேட்டால் "எண்ணெய் நிறைய ஊற்றியிருக்கிறதே, அதனால்தான்" என்பார்கள். எண்ணெய்க்கு இதில் பங்கு உண்டு. நாம் தரும் புகழ் அளவுக்கு இல்லை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் சோற்றைப் பார்க்க வேண்டும்.

கொதிக்கக் கொதிக்க வடித்த சோற்றில் கிருமி எதுவும் உயிரோடு இருக்காது என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலான கிருமிகள் செத்துத்தான் போகின்றன. ஆனால் வயல் மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா நெல்லோடு ஒட்டிக்கொண்டு அரிசி வரைக்கும் வருகிறது. நிலைமை மோசமானால் இது தன் மரபுப்பொருளைத் தடித்த உறைக்குள் வைத்து மூடிக்கொண்டு உறங்கிவிடும். அந்த உறக்க வடிவத்துக்கு வித்து என்று பெயர். வித்துகளில் பல, சோறு கொதிக்கும் வெப்பத்தைத் தாங்கிவிடுகின்றன. போதாததற்கு, கொதித்த சூடே அவற்றைத் தட்டி எழுப்பவும் செய்கிறது. சோறு ஆறி வெதுவெதுப்பாகும்போது அவை விழித்துப் பார்த்தால் மாவுச்சத்து இருக்கிறது, ஈரம் இருக்கிறது, போட்டிக்கு வேறு கிருமி எதுவும் இல்லை.

பெருகும் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் சோற்றில் பத்து வித்துகள் விழித்துக்கொண்டன என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் ஏழு மணி நேரத்தில் அந்தப் பத்து, ஒரு லட்சத்து அறுபதாயிரத்தைத் தாண்டிவிடும். நோய் தரும் அளவு ஏறத்தாழ இந்த லட்சக் கணக்கில்தான் தொடங்குகிறது.

இந்த பாக்டீரியாவின் குட்டு வெளிப்பட்டது பிரிட்டனில். 1971 முதல் அங்கே சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தார்கள் என்று அடுத்தடுத்துப் புகார்கள் வந்தன. மீந்த சோற்றைப் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடங்கள் சோதித்தபோது பேசில்லஸ் சீரியஸ் ஏராளமாக இருந்தது. சமையல்கட்டில் விசாரித்தால் காரணம் எளிமையானது. முதல் நாளே சோற்றை வடித்து வெளியே வைத்துவிடுவார்கள்; ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டிதட்டிப்போய் வாணலியில் உதிராது. மறுநாள் நெருப்பில் புரட்டியெடுத்தாலும் பயனில்லை. பாக்டீரியா சாகும், அது சோற்றில் விட்டுவைத்த நஞ்சு சாகாது. சீரியூலைட் என்ற அந்த நஞ்சை 1990களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து அடையாளம் கண்டார்கள். பிரஷர் குக்கரின் சூட்டுக்கும் அது அசையாது. அதற்கு வாடை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் வழக்கம் பல கிருமிகளுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

ஆகவே சோற்றுக்குள் எதிரி ஏற்கெனவே இருக்கிறது. அதை எழவிடாமல் செய்வதுதான் கட்டுச்சோற்றின் வேலை.

முதல் ஆயுதம் புளிப்பு. புளிப்பை அளக்க பி.எச். என்ற அளவுகோல் இருக்கிறது. தூய நீருக்கு அதில் 7. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அதுவும் ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்காகக் கூடும். வெறும் சோறு 6க்கும் 7க்கும் இடையில் இருக்கிறது, அதாவது பாக்டீரியாவுக்கு வாகான இடத்தில். புளிக்கரைசல் 3ஐ ஒட்டி இருக்கும். அந்தப் புளிப்பைத் தருவது டார்டாரிக் அமிலம். பெரும்பாலான பழங்கள் பழுக்கும்போது புளிப்பை இழந்து இனிப்பாகின்றன. புளியம்பழத்தில் சர்க்கரை ஏறினாலும் அமிலம் அப்படியே தங்கிவிடுகிறது. வருஷப் புளியை உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவைத்தால் அது கெடாமல் கிடப்பதற்கு இந்த அமிலம் ஒரு காரணம்.

புளிப்பு மிகுந்த இடத்தில் பாக்டீரியாவின் உடலுக்குள் அமிலத் துகள்கள் கசிந்துகொண்டே இருக்கும். உள்ளே வந்ததை வெளியே இறைக்க அது ஆற்றலைச் செலவிட்டாக வேண்டும். இறைப்பதிலேயே ஆற்றல் தீர்ந்துபோனால் வளர்வதற்கு மிச்சமிருக்காது. பேசில்லஸ் சீரியஸ் 5க்குக் கீழே தடுமாறத் தொடங்கி, 4.3 வாக்கில் வளர்வதையே நிறுத்திவிடுகிறது. இதைவிடக் கொடிய குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்கு எல்லைக்கோடு 4.6. டப்பாவில் அடைத்து விற்கும் உணவுக்கான விதிமுறைகள் பல நாடுகளில் இந்த 4.6ஐ வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன.

சோற்றைப் புளிக்கவைத்துக் காப்பது நாம் மட்டும் கண்டுபிடித்ததல்ல. ஜப்பானியர் சுஷிச் சோற்றில் வினிகர் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் அந்தச் சோற்றை ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்துப் பரிமாற விரும்பும் உணவகம், அதன் பி.எச். அளவை மீட்டரில் அளந்து 4.6க்குக் கீழே இருப்பதைக் காட்ட வேண்டும். பல இடங்களில் இன்னும் கண்டிப்பாக 4.2 வரை கேட்கிறார்கள். புளியோதரைக்கு யாரும் மீட்டர் வைப்பதில்லை. நம்மிடம் இருப்பது நாக்குதான், அது மோசமான கருவியும் அல்ல: பல் கூசும் அளவுக்குப் புளிக்காத புளியோதரையைப் பயணத்துக்குக் கட்ட வேண்டாம்.

சாம்பாரில் உள்ள புளிக்கு என்ன ஆயிற்று? முதலாவது, எலுமிச்சை அளவுப் புளி ஒரு பெரிய பாத்திரம் நிறைய தண்ணீரில் கரைந்திருக்கிறது. இரண்டாவது, பருப்பு. புரதங்கள் அமிலத்தைத் தம்மோடு பிணைத்துக்கொண்டு அதன் வீரியத்தைத் தணிக்கும். வேதியியல் பாடத்தில் தாங்கல் தன்மை என்று படித்திருப்போம். வெந்த பருப்பு புளியைத் தாங்கிக்கொள்வதால் அதே புளி ரசத்தில் தெரியும் அளவுக்குச் சாம்பாரில் தெரிவதில்லை. காய்கறியின் ஈரம் வேறு. ஆக சாம்பார் சாதத்தில் புளி ருசிக்கு இருக்கிறது, காவலுக்கு இல்லை.

இரண்டாவது ஆயுதம் தண்ணீரைப் பற்றியது. இங்கேதான் உண்மையான நுட்பம் இருக்கிறது.

ஈரம் அதிகமிருந்தால் கெடும், உலர்ந்திருந்தால் கெடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது முழு உண்மையல்ல. ஜாமில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான். அது மாதக்கணக்கில் இருக்கிறது. ரொட்டியிலும் ஏறத்தாழ அதே அளவு தண்ணீர். நாலே நாளில் பூசணம் பூக்கிறது. தண்ணீரின் அளவு மட்டும் விடை சொல்லாது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். வீடு கொள்ளாத கூட்டம். ஆனால் அவசரமாகக் கடைக்கு அனுப்ப ஓர் ஆளைத் தேடினால் கிடைப்பதில்லை. ஒருவர் பந்தியில் பரிமாறுகிறார், ஒருவர் வாசலில் வரவேற்கிறார், ஒருவர் தாம்பூலப் பையை விட்டு நகர முடியாது. தலைகளை எண்ணினால் நூறு. கூப்பிட்டால் வரக்கூடியவர் நாலு பேர். உணவில் உள்ள நீர் மூலக்கூறுகளும் அப்படித்தான். உப்போ சர்க்கரையோ இருந்தால் அவை ஒவ்வொன்றும் தம்மைச் சுற்றிச் சில நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாக்டீரியாவுக்குப் பயன்படுவது பிடிபடாத மிச்ச நீர் மட்டுமே. எவ்வளவு நீர் இப்படிக் கையிலகப்படும் நிலையில் இருக்கிறது என்பதற்கான அளவை நீர்ச்செயல்பாடு என்று சொல்லலாம். தூய நீருக்கு 1. முற்றிலும் உலர்ந்ததற்கு 0.

கண்ணுக்குத் தெரியாத இந்தச் சுதந்திரத்தை எப்படி அளக்கிறார்கள்? உணவை ஒரு சிறு கலத்தில் வைத்துக் காற்றுப்புகாமல் மூடிவிட வேண்டும். கட்டுப்படாத நீர் ஆவியாகி மேலேயுள்ள காற்றில் சேரும். கொஞ்ச நேரத்தில் அது நிலைப்படும். அப்போது அந்தக் காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால் உணவின் நீர்ச்செயல்பாடு 0.85. உணவைத் தொடக்கூட வேண்டாம். கரையாமல் அடியில் தங்கும் அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீருக்கு இந்த மதிப்பு சுமார் 0.75 என்று வரும். எங்கே செய்தாலும் ஏறக்குறைய இதே எண் வருவதால் கருவிகளைச் சரிபார்ப்பதற்கே அந்த உப்புநீரைப் பயன்படுத்துகிறார்கள்.

பாக்டீரியாவுக்கு உண்மையில் முக்கியம் இந்த எண்தான் என்று காட்டியவர் டபிள்யூ. ஜே. ஸ்காட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர். 1953இல் வெளியான ஆய்வில் அவர் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொண்டார். மனிதரின் மூக்கிலும் தோலிலும் குடியிருக்கும் கிருமி அது. அதைப் பல்வேறு உணவுகளில் வளரவிட்டார்: உலர்த்திய பால், உலர்த்திய இறைச்சி, சூப், உப்பிட்ட கரைசல்கள். உணவு எதுவானாலும், ஈரத்தைக் கட்டிப்போட்டது உப்பானாலும் வேறொன்றானாலும், நீர்ச்செயல்பாடு 0.86க்கு அருகில் இறங்கியதும் அது வளர்வதை நிறுத்திக்கொண்டது. தண்ணீரின் மொத்த அளவு ஒவ்வொன்றிலும் வேறு வேறு. நின்ற இடம் மட்டும் ஒன்றே. உணவுப் பாதுகாப்பு அறிவியல் இன்றும் இந்த முடிவின் மேல் நிற்கிறது. மற்ற பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்கு முன்னாலேயே நின்றுவிடும். தேனின் மதிப்பு சுமார் 0.6. எதுவும் அதில் வளர முடியாததற்குக் காரணம் அதுவே.

இந்தக் கண்ணோட்டத்தோடு, புளியோதரைக்கான புளிக்காய்ச்சல் கிண்டும் வாணலியை எட்டிப் பாருங்கள். கரைசல் ஊற்றிய புதிதில் சளசளவென்று கொதிக்கும். தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியை விட்டு அதிகம் நகராது. வரும் சூடெல்லாம் ஆவியாவதற்கே செலவாகிறது. போகப் போகக் குமிழிகள் பெரிதாகித் தடித்து, வெடித்துத் தெறிக்கும். கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி தெரியும், தடம் உடனே மூடாது. பிறகு ஓரங்களில் நல்லெண்ணெய் மினுமினுத்துக்கொண்டு பிரிந்து வரும். சமையல் குறிப்பு எழுதுபவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்லும் "எண்ணெய் பிரியும் பதம்" இதுதான். விழுதோடு எண்ணெயைக் குழம்பிக் கிடக்கவைத்த நீரில் பெரும்பகுதி போய்விட்டது என்பதற்கான அறிகுறி அது. மிச்ச நீரை உப்பும், புளியின் சர்க்கரையும் அமிலமும், கொஞ்சம் வெல்லமும் பிடித்துவைத்திருக்கின்றன. கடும் புளிப்பு, கடும் உப்பு, கைக்கு வராத நீர். புளிக்காய்ச்சல் வாரக்கணக்கில் இருப்பதில் வியப்பில்லை.

அதைச் சோற்றில் கலந்தபிறகு கதை மாறுகிறது. சோற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். புளியோதரையின் நீர்ச்செயல்பாடு பாக்டீரியாவைத் தனியாக நிறுத்தும் அளவுக்கெல்லாம் இறங்காது. புளிப்பும் சோற்றில் பரவி நீர்த்துவிடுகிறது. எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கும் புளிப்பு, ஓரளவு உப்பு, கொஞ்சம் குறைந்த ஈரம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் போதுமானதல்ல.

1970களில் ஜெர்மனியின் குல்ம்பாக் நகரத்து இறைச்சி ஆய்வு மையத்தில் இருந்த லோத்தார் லைஸ்ட்னர் இதற்கு விளக்கம் தந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது தொத்திறைச்சியை. அதிலும் இதே புதிர்: உப்பும் போதாது, புளிப்பும் போதாது, உலர்வும் போதாது, ஆனாலும் கெடவில்லை. ஒவ்வொரு தடையையும் சமாளிக்க பாக்டீரியா தனித்தனியாக ஆற்றல் செலவிட வேண்டியிருக்கிறது. அமிலத்தை இறைக்க வேண்டும், உப்பு உறிஞ்சும் நீரைத் தக்கவைக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்யும்போது இருப்பு தீர்ந்து வளர்ச்சி நின்றுவிடுகிறது. தடைமுறைத் தொழில்நுட்பம் என்ற பெயரில் இன்று உணவுத்துறை முழுக்க இது பரவியிருக்கிறது. ராணுவ வீரர்களுக்கான உணவுகளை உருவாக்கிய மைசூரு பாதுகாப்புத்துறை உணவு ஆய்வகமும் இந்த முறையைப் பயன்படுத்தியிருக்கிறது.

இப்போது எண்ணெய். எண்ணெய்ப் பூச்சு பருக்கைகளைத் தனித்தனியாக வைக்கிறது, புளிக்காய்ச்சல் எல்லாப் பருக்கையிலும் பரவ உதவுகிறது, சோறு விறைக்காமல் காக்கிறது. ஆனால் எண்ணெய் கிருமிநாசினி அல்ல. காற்றை அடைப்பதால் கிருமி வளராது என்ற நம்பிக்கை சில சமயம் ஆபத்தானது. பாட்டுலினம் பாக்டீரியாவுக்குக் காற்றில்லாத இடம்தான் வேண்டும். 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு பாட்டுலினம் நஞ்சேறியது. ஆராய்ந்ததில், எண்ணெயில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்காமல் விட்ட நறுக்கிய பூண்டுதான் காரணம் என்று தெரிந்தது. எண்ணெய் நிறைய இருந்தது, புளிப்பு இல்லை. பிற்பாடு அமெரிக்காவில் எண்ணெய்ப் பூண்டில் அமிலம் சேர்த்தாக வேண்டும் என்று விதித்தார்கள். மஞ்சளுக்கும் பெருங்காயத்துக்கும் கூட இதே தீர்ப்புதான். ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் அவை கிருமிகளைத் தடுக்கும். நாம் போடும் ஒரு சிட்டிகையிடம் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது.

காவல் இப்படிப் பல சிறு தடைகளின் கூட்டு என்பதால், அதில் ஓட்டை விழும் இடங்களும் தெரிகின்றன. ஒன்று, வெள்ளைக் கட்டி. சரியாகக் கலக்காத புளியோதரையில் நடுவே வெளுத்த சோற்றுருண்டை தட்டுப்படும். அதற்குள் பி.எச். வெறும் சோற்றின் அளவே. வித்துகளுக்கு அங்கே எந்தத் தடையும் இல்லை. ஜப்பானியச் சோற்றுருண்டையின் நடுவில் உப்பிலிட்ட உமே காய் வைக்கும் வழக்கத்துக்கும் இந்தக் குறை உண்டு, காயை ஒட்டிய பருக்கைக்குத்தான் பாதுகாப்பு. சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்து, உதிரியாகக் கலந்து, ஊறவிடுவதன் பொருள் இதுதான்.

இன்னொன்று, மூடியின் உட்புறம். ஆவி பறக்கும் சோற்றை பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் சற்று நேரத்தில் மூடி வியர்க்கும். அந்தத் துளிகள் உப்பும் புளிப்பும் இல்லாத தூய நீர், நீர்ச்செயல்பாடு 1. மேற்பரப்பில் சொட்டும் இடத்தில் எல்லாத் தடைகளையும் அவை கரைத்துவிடும். கட்டுச்சோறு மேலே நசநசத்து, அடியில் நன்றாக இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். மந்தார இலைப் பொட்டலம் ஆவியை வெளியே விட்டுவிடும். டப்பாதான் என்றால் முழுக்க ஆறிய பிறகு மூடலாம். ஆனால் ஆறட்டும் என்று நாள்பூராவும் விட்டுவைக்காமல், பரப்பிச் சீக்கிரம் ஆறவைக்க வேண்டும். கலக்கக் கரண்டி நல்லது. ஸ்காட் ஆராய்ந்த அந்தக் கிருமி நம் விரல்களில் இருக்கிறது, உப்புக்கு மற்றவற்றைப்போல அஞ்சுவதும் இல்லை.

தயிர்சாதக்காரர்கள் வேறொரு தந்திரம் செய்கிறார்கள். சோற்றைப் பாலில் குழைத்து, பேருக்கு ஒரு கரண்டி தயிர் விட்டு எடுத்துப்போவார்கள். சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக உறைந்திருக்கும். உறைவது என்பதே பாலின் பி.எச். 4.6 அருகே இறங்கும்போது அதன் புரதம் திரள்வதுதான். பாட்டுலினத்தின் எல்லைக்கோடும் அதே 4.6ஆக அமைந்தது தற்செயல். இங்கே அமிலத்தைத் தயாரிப்பவை உயிருள்ள பாக்டீரியாக்கள். சாப்பிடும் நேரம் தாண்டினாலும் அவை வேலையை நிறுத்தாது. கெட்டுப்போவதற்கு முன்பே வாயில் வைக்க முடியாத புளிப்பு ஏறிவிடும்.

முறுக்கும் தட்டையும் வேறு உலகம். அவற்றில் எந்தக் கிருமிக்கும் நீர் கிடைக்காது. அங்கே எதிரி காற்று: எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து சிக்கு வாடை வரும். ஆகவே அவற்றுக்கு இறுக்கமான டப்பா, வெயில் படாத இடம்.

புளியோதரையை எத்தனை மணி நேரம் நம்பலாம்? நன்றாகப் புளித்து, நன்றாகக் கலந்து, ஆறவைத்துக் கட்டியதை நான் ஒரு நாளோடு முடித்துக்கொள்வேன். குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் அதையும் நீட்டமாட்டேன். அதற்கு மேல் நீளும் பயணத்துக்குப் புளிக்காய்ச்சலைத் தனியாக எடுத்துப்போய், இறங்கிய ஊரில் சுடச்சுடச் சோறு வாங்கிக் கலப்பது அறிவியல்படியும் ருசிப்படியும் மேல். ஈரக்கரண்டியை மட்டும் அதில் விடக்கூடாது. வெளிநாட்டுக்குப் பறப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி: பாதுகாப்புச் சோதனையில் விழுதும் திரவக் கணக்கில்தான் சேரும். பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். பெரிய பெட்டிக்குள், இரண்டு உறை போட்டு, மூடியை டேப்பால் சுற்றி, வெள்ளை வேட்டி எதுவும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள்.